சொன்னால் கேட்கிறார்களா? கூட்டங்களில் பேசத் தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பக்கம் தென்னை விவசாயிகளின் கூட்டங்களில் பல வருடங்களாகப் பேசி வருகிறேன். கூட்டம் முடிந்து விவசாயிகள் மரத்தைப் பற்றிக் கேட்டுவிட்டுக் கிளம்பிய பிறகு, பின்னால் தயங்கி நிற்கும் ஓரிரண்டு இளைஞர்கள் வேறொன்று கேட்பார்கள்: "நீங்கள் சொன்னால் கேட்கிறார்கள். அதையே நான் சொன்னால் கேட்பதில்லையே, ஏன்?" வேளாண் பட்டம் படித்தவர்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில் வேலை செய்பவர்கள், உரக்கடைக்காரர்களின் பிள்ளைகள், மகளிர் குழுவுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் என்று எல்லா வகையினரும் இதில் உண்டு. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். தென்னையை வைத்துத்தான் சொல்வேன், எனக்குத் தெரிந்தது அதுதான். பனியன் தொழிலில் இருப்பவர்களும் மஞ்சள் மண்டியில் இருப்பவர்களும் தங்கள் தொழிலுக்குப் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒருவரை விஷயம் தெரிந்தவர் என்று ஊர் எப்போது ஏற்றுக்கொள்கிறது?

ஒரு செவ்வாயோ வியாழனோ பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்குப் போய் அரை மணி நேரம் சும்மா நில்லுங்கள். தரகர் மாட்டின் பெருமைகளை அடுக்கிக்கொண்டே போவார். வாங்க வந்தவர் 'ம்' கொட்டியபடியே மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். குளம்பைப் பார்ப்பார். நாலு எட்டு நடத்திப் பார்ப்பார். அதன் பிறகுதான் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது. தரகரைப் பொய்யர் என்று அவர் நினைத்துவிடவில்லை. பல்லே எதிரில் இருக்கும்போது பேச்சை எதற்கு நம்ப வேண்டும்?

உங்கள் கூட்டத்தில் துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவரும் அதே ஆள்தான். நீங்கள் பேசுவதில் அவர் தானே பிடித்துப் பார்க்கக்கூடிய பல் ஒன்று இருக்க வேண்டும். "இந்த உரம் நல்லது" என்றால் அவர் பார்க்க எதுவும் இல்லை. "இந்த வரிசையில் நாலு மரத்துக்கு மட்டும் போடுங்கள், பக்கத்து வரிசையை அப்படியே விடுங்கள், இரண்டு வரிசையிலும் குலை எண்ணிக்கையை எழுதி வையுங்கள்" என்று சொன்னால் அவரே எண்ணிப் பார்ப்பார். இப்படி இரண்டு மூன்று முறை எண்ணி, நீங்கள் சொன்னது சரியாக வந்திருந்தால், நாலாவது முறை எண்ணாமலே கேட்டுக்கொள்வார். மதிப்பு என்று நாம் சொல்வது அந்த நாலாவது முறைதான்.

எனக்குப் பட்டம் இல்லை. நான் பேசலாமா?

பேசலாம். கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். 1937-ல் டி. பாலசுந்தரத்தோடு சேர்ந்து இந்தியாவிலேயே செய்த முதல் மின் மோட்டாரை வெளியில் கொண்டுவந்தார். ஓடுகிற மோட்டாரிடம் யாரும் சான்றிதழ் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆனால் இந்தக் கதையைச் சாக்காக வைத்துப் படிப்பை ஏளனம் செய்கிறவர்கள் இந்தப் பக்கம் கொஞ்சம் அதிகம். "அனுபவம் போதும், புத்தகம் எதற்கு?" என்பார்கள். அனுபவம் என்பது ஒருவர் தன் தோட்டத்தில் பார்த்தது. அவருடைய செம்மண்ணில் பலித்தது அடுத்தவரின் கரிசலில் பலிக்குமா என்று சொல்ல அந்த அனுபவம் மட்டும் போதாது.

பட்டம் இருக்கிறது. ஆனால் வயது இருபத்து மூன்று. "தம்பி, நீ பிறப்பதற்கு முன்னால் வைத்த மரம் இது" என்கிறார்கள்.

உண்மையைத்தான் சொல்கிறார். ஒப்புக்கொள்ளுங்கள். "அந்த மரத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாதுங்க ஐயா. இந்தப் பூச்சியைப் பற்றி மட்டும் கொஞ்சம் படித்திருக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். எல்லை சிறிதாக இருந்தால் அதற்குள் உங்கள் சொல் பெரிதாக நிற்கும். தென்னை முழுவதும் தெரியும் என்று வருகிற இளைஞரை எவரும் நம்ப மாட்டார்கள். தென்னை ஓலையைத் தாக்கும் சுருள் வெள்ளை ஈ ஒன்று மட்டும் தெரியும் என்று வருகிறவருக்கு ஒரு நாற்காலி கிடைக்கும்.

இன்னொன்று உங்களுக்கு ஆறுதலாக இருக்கலாம். பேசுகிறவரின் குணம்தான் நம்ப வைக்கும் பெரிய கருவி என்று 2,300 ஆண்டுகளுக்கு முன் சொன்ன அரிஸ்டாட்டில், அந்த நம்பிக்கை பேச்சுக்குள்ளிருந்தே பிறக்க வேண்டும், முன்பே இருக்கும் பெயரிலிருந்து அல்ல என்றும் சேர்த்துச் சொன்னார். நடைமுறை அறிவு, நேர்மை, கேட்பவர்மீது நல்லெண்ணம் ஆகிய மூன்றும் பேச்சில் தெரிய வேண்டும் என்பது அவர் கணக்கு. மூன்றில் எதற்கும் நரைமுடி தேவையில்லை.

என்னை எப்படி அறிமுகப்படுத்திக்கொள்வது?

உங்கள் வாயால் வேண்டாம். கூட்டத்தைக் கூட்டியவரிடம் இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள்: என்ன வேலை செய்கிறீர்கள், இந்த வட்டாரத்தில் எந்தெந்த ஊர்த் தோட்டங்களைப் பார்த்திருக்கிறீர்கள். விருதுப் பட்டியல் ஓடும்போது முன் வரிசை செல்பேசியை எடுத்துவிடும். ஊர்ப்பெயர் வரும்போது தலை நிமிரும்.

ஒரு விஷயத்தை எப்படி நம்ப வைப்பது? நடந்த ஒன்றைச் சொல்லுங்கள்.

சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 2016-ல், நம் பொள்ளாச்சிப் பக்கத்தில்தான். ஓலையின் அடிப்பக்கத்தில் சுருள் சுருளாக முட்டை, வெள்ளை மெழுகுப் பொடி. ஈ கழிக்கும் தேன் போன்ற திரவம் கீழ் மட்டைகளில் விழுந்து, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து, தோப்பே புகையடித்த சமையலறை போல ஆகிவிடும். பார்த்தவுடன் மருந்து தெளிக்கத்தான் கை போகும். தெளிக்க வேண்டாம் என்பது ஆய்வாளர்களின் பரிந்துரை. காரணம், என்கார்சியா என்ற மிகச் சிறிய குளவி. வெள்ளை ஈயின் இளம் பருவத்துக்குள் முட்டையிட்டு, அதைத் தின்று வளர்கிற ஒட்டுண்ணி. பூச்சிமருந்து அடித்தால் ஈயைவிட முதலில் சாவது இதுதான்.

ஆனைமலைக்கு அருகில் ஒரு தோப்பில் இதைச் சொல்ல நின்றேன். முப்பது பேர் இருப்பார்கள். குளவி என்றதும் சிரிப்பு. ஒரு பெரியவர் எழுந்தே விட்டார்: "மரம் கருத்துப்போய் நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத குளவி வந்து காப்பாற்றும் என்கிறீர்கள். இதற்கு நான் மாகாளியம்மனையே கும்பிட்டுக்கொள்வேன்." கூட்டம் அவர் பக்கம் போய்விட்டது.

என்னிடம் பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ் ஒன்று இருந்தது. பதில் பேசாமல் அதை அவர் கையில் கொடுத்து, பக்கத்தில் தாழ்ந்து நின்ற மட்டையிலிருந்து ஓர் ஓலையைக் கிழித்து அடிப்பக்கம் திருப்பிக் காட்டினேன். "ஐயா, வெள்ளையாக இருக்கிற கூட்டை விடுங்கள். கறுப்பாக ஏதாவது தெரிகிறதா?" என்றேன். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை, ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். சரி செய்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "கறுப்பாக நாலைந்து இருக்கிறது" என்றார். "அதில் ஓட்டை?" "ஒன்றில் இருக்கிறது. ஊசியால் குத்தியது போல வட்டமாக."

குளவி உள்ளே வளர்கிற கூடுதான் கறுக்கும். அந்த ஓட்டை குளவி வெளியே வந்த வழி. ஈ பிறந்து வந்திருந்தால் கூடு பிளந்திருக்கும், குளவி வந்தால் வட்டத் துளை. இந்த ஒரு வாக்கியத்தைத் தவிர அன்று நான் அதிகம் பேசவில்லை. லென்ஸ் கைமாறிக் கைமாறிப் போனது. ஆளாளுக்கு ஓலை கிழித்தார்கள். கறுப்புக் கூட்டை எண்ணிச் சொன்னவர் அந்தப் பெரியவர்தான். அடுத்த முறை நான் போனபோது ஈ வந்து ஒட்டிக்கொள்ள ஏக்கருக்கு எட்டு மஞ்சள் அட்டை கட்டி, ஆமணக்கெண்ணெய் தடவி வைத்திருந்தார். மற்றவர்களுக்கு அதை விளக்கியவரும் அவரே. எனக்கு வேலை குறைந்தது.

நீங்கள் தவறாகச் சொன்னதே இல்லையா?

ஏன் இல்லை? அதே வெள்ளை ஈக்கு, அது வந்த புதிதில், மருந்து தெளிக்கச் சொன்னவன் நானும்தான். இரண்டு தோட்டங்களில் தெளித்தார்கள். முதல் இரண்டு வாரம் ஈ குறைந்தது, எனக்கு நல்ல பெயர். அதன் பிறகு முன்னைவிட மோசமாக வந்தது. ஒட்டுண்ணியைப் பற்றி நான் படித்துத் தெரிந்துகொண்டதே அதற்குப் பிறகு.

அடுத்த கூட்டத்தில் முதல் பேச்சாக இதைச் சொன்னேன். எந்த மருந்தைச் சொன்னேன், என்ன நடந்தது, இப்போது ஏன் மாற்றிச் சொல்கிறேன் என்று. அந்தத் தோட்டக்காரர்கள் இருவரிடமும் அதற்கு முன்பே நேரில் போய்ச் சொல்லியிருந்தேன். இது முக்கியம்: மேடையில் முதன்முதலாகக் கேட்டால் அவர்களுக்கு அவமானம். ஒருவர் ஆறு மாதம் என்னிடம் பேசவில்லை, அது அவருடைய உரிமை. இன்னொருவர் கூட்டத்திலேயே, "மருந்துச் செலவை யார் தருவது?" என்று கேட்டார். பதில் இல்லாமல்தான் நின்றேன்.

தவற்றைச் சொன்னால் மதிப்புக் கூடும் என்று சிலர் சொல்லித்தருகிறார்கள். உடனே கூடாது, இறங்கத்தான் செய்யும். ஆனால் மறைத்தது பிறகு தெரிந்தால் எழுந்திருக்கவே முடியாது. கொங்கு நாட்டில் அடுத்த தோட்டத்துச் செய்தி டீக்கடைக்கு வர ஒரு பொழுது போதும்.

தெரியாத கேள்வி வந்தால்?

"தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்வதை எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். கேட்டுச் சொல்வதைத்தான் செய்ய மாட்டார்கள். கேட்டவரின் பெயரையும் எண்ணையும் குறிப்பேட்டில் அவர் கண் முன்னால் எழுதுங்கள். பதில் கிடைக்காவிட்டாலும் கூப்பிட்டு, கிடைக்கவில்லை என்று சொல்லுங்கள்.

இதைவிடக் கடினமானது, பதில் தெரிந்தும் சொல்ல மனம் வராத இடம். கேரள வாடல் நோய் கண்ட தோப்புக்குப் போயிருப்பீர்கள். ஓலைகள் விலா எலும்பு போல உள்நோக்கி வளைந்திருக்கும், மரம் வருடக்கணக்கில் தேயும். ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வருவது. நோயை முழுதாகக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. நல்ல உரமும் நீரும் கொடுத்து மரத்தைத் தாங்கிப் பிடிக்கலாம், மோசமான மரங்களை வெட்டி அப்புறப்படுத்த வேண்டும். அவ்வளவுதான் கையில் இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு வந்த மறுநாளே, வேரில் கட்டினால் சரியாகிவிடும் என்று ஒருவர் பாட்டிலோடு வருவார். அவர் பேச்சு உங்கள் பேச்சைவிட இனிக்கும். தோட்டக்காரர் பணத்தைக் கொடுப்பார். கோபப்படாதீர்கள். ஒரு வருடம் கழித்து உங்களைத்தான் கூப்பிடுவார். அப்போது "அன்றே சொன்னேன்" என்று மட்டும் வாய் திறந்துவிட வேண்டாம்.

"என்னை நம்புங்கள்" என்று அழுத்திச் சொல்லலாமா?

ஈரோட்டுக்காரர் ஒருவர் மணிக்கணக்கில் பேசுவார். கேட்பவர் கோபப்படும் விஷயங்களையே பேசுவார். கடைசியில், நான் சொன்னேன் என்பதற்காக நம்ப வேண்டாம், உங்கள் அறிவைக் கொண்டு யோசித்துப் பாருங்கள் என்பார். பெரியாரின் கருத்துகளை ஏற்காதவர்கள்கூட உட்கார்ந்து கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கதவைத் திறந்து வைத்துப் பேசுகிறவரிடமிருந்து யாரும் தப்பி ஓட வேண்டியதில்லை.

பெரிய நிறுவனங்களின் பெயரைச் சொன்னால் எடுபடுமா?

எடுபடும், சரியான இடத்தில் சொன்னால். கோவைக் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் 1912-ல் தொடங்கியது. 1918-ல் அங்கிருந்து வந்த கோ 205 தொடங்கி இன்றைய கோ 86032 வரை, 'கோ' என்ற எழுத்தே கரும்பு விவசாயிக்கு உத்தரவாதம். அது கோயம்புத்தூரின் முதல் எழுத்து என்று தெரியாமலே வட இந்தியாவில் நட்டவர்கள் ஏராளம். நூறு வருடம் வயலில் நின்று சம்பாதித்த பெயர். அதை இரவல் வாங்கும்போது எந்த ஆய்வு, எந்த ரகம், எவ்வளவு அளவு என்று சொல்லுங்கள். "விஞ்ஞானிகள் சொல்கிறார்கள்" என்று மொட்டையாகச் சொல்வது, சந்தையில் "பெரிய இடத்து மாடு" என்பது போல.

கூட்டத்தில் தலையாட்டுகிறார்கள். ஒரு மாதம் கழித்துப் போனால் ஒன்றும் நடக்கவில்லை. ஏன்?

இதற்கு ஒரு பழைய ஆராய்ச்சி உண்டு. 1951-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஹாவ்லண்ட், வைஸ் என்ற இருவர் செய்தது. அணுசக்தியில் ஓடும் நீர்மூழ்கிக் கப்பல் சாத்தியமா என்பது போன்ற விஷயங்களில் ஒரே கட்டுரையைச் சிலருக்கு நம்பத்தக்கவர் எழுதியதாகவும், சிலருக்கு நம்பத்தகாத இடத்திலிருந்து வந்ததாகவும் கொடுத்தார்கள். நீர்மூழ்கி விஷயத்தில் ஒரு பக்கம் விஞ்ஞானி ஓப்பன்ஹைமர், மறுபக்கம் சோவியத் பத்திரிகை பிராவ்தா. படித்தவுடன் கேட்டபோது, நம்பத்தக்கவர் பெயரில் படித்தவர்களே அதிகம் மனம் மாறியிருந்தார்கள். நாலு வாரம் கழித்துக் கேட்டபோது அந்த வித்தியாசம் கரைந்துவிட்டது. சொன்ன விஷயம் நினைவில் நின்றது, சொன்னவர் யார் என்பது பிரிந்து போயிற்று.

நமக்கு இதில் இரண்டு செய்தி இருக்கிறது. உங்கள் பெயரின் பலத்தில் மட்டும் நின்ற பேச்சு ஒரு மாதத்தில் காற்றில் போகும். வேரில் மருந்து கட்ட வந்தவர் சொன்னதும், சொன்னவர் யார் என்று மறந்துபோய், "எங்கேயோ கேட்டேன், நல்லதாம்" என்று தோப்பில் நிற்கும். ஆகவே நாலாவது வாரம் இன்னொரு முறை போங்கள். கூட்டம் போட வேண்டியதில்லை. ஒரு தோட்டத்தில் பதினைந்து நிமிடம் போதும்.

நான் பொருள் விற்கிறவன். என்னை எப்படி நம்புவார்கள்?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீரிய மக்காச்சோள விதை பரவிய விதத்தை 259 விவசாயிகளிடம் கேட்டு 1943-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். புது விதை பற்றிய செய்தியைப் பெரும்பாலோர் முதலில் கேட்டது விதை விற்பனையாளரிடம். நட்டுப் பார்க்கலாம் என்று முடிவெடுக்க வைத்தது பக்கத்துத் தோட்டக்காரர். எடுத்தவுடன் நிலம் முழுக்க யாரும் விதைக்கவும் இல்லை, சின்னத் துண்டில் போட்டுப் பார்த்துத்தான் பெருக்கினார்கள்.

எனவே செய்தி சொல்கிறவர் என்ற இடம் உங்களுக்கு உண்டு. அதற்கு மேல் ஏற ஆசைப்பட்டால், உங்கள் பொருள் எங்கே வேண்டாம் என்பதை நீங்களே சொல்லுங்கள். "இந்த மண்ணுக்கு இது வேண்டாம், பணத்தை மிச்சம் பிடியுங்கள்" என்று ஒரு முறை சொன்ன கடைக்காரரை உடுமலையில் எனக்குத் தெரியும். இன்று அவர் கடையில் யாரும் பேரம் பேசுவதில்லை.

பெண் என்பதால் கேட்க மறுக்கிறார்கள். என்ன செய்வது?

இது கேட்பவர்களின் குறை. ஆனால் அதைச் சொல்லிக்கொண்டிருந்தால் கூட்டம் நடக்காது என்பதும் எனக்குத் தெரியும். மகளிர் குழுப் பயிற்சியாளர் ஒருவரிடம் பார்த்ததைச் சொல்கிறேன். கூட்டங்களில் பெண்கள் கடைசி வரிசையில் உட்காருவார்கள், கேள்வி கேட்பது முன் வரிசை ஆண்கள். மாட்டுக்கு மடிவீக்க நோய் பற்றிப் பேச வந்த அவர், முன் வரிசையைத் தாண்டிப் பின்னால் போய், "பால் கறப்பது யார்?" என்று கேட்டார். கைகள் எல்லாம் பின் வரிசையில் எழுந்தன. அதன் பிறகு பேச்சு முழுவதும் அங்கே நின்றுதான். முன் வரிசை நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டது.

பேசும்போது கை நடுங்குகிறது.

எல்லோருக்கும்தான். திருக்குறளில் அவையறிதல் 72-வது அதிகாரம், அவையஞ்சாமை 73-வது. வரிசையைக் கவனியுங்கள்: அவையை அறிவது முதலில், அஞ்சாமல் இருப்பது அதன் பிறகு. கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் நாலு பேரிடம் பேச்சுக் கொடுத்தால் நடுக்கம் பாதி போய்விடும். 'ங்க' போட மறக்காதீர்கள். அந்த இரண்டு எழுத்தை விட்டுவிட்டு இந்தப் பக்கத்தில் யாரையும் எதற்கும் சம்மதிக்க வைக்க முடியாது.

மேடை, விளம்பரம், பிரபலம் இருந்தால் வேலை சுலபம்தானே?

சுலபம். 2012-க்கு முன் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிக்கு நடந்தது அதுதான். பணம் கட்டினால் குஞ்சு, கொட்டகை, தீவனம், மாதாமாதம் நிச்சயத் தொகை, பறவையை அவர்களே திரும்ப வாங்கிக்கொள்வார்கள். விளம்பரத்தில் திரைப்பட முகங்கள். சந்தையில் மாட்டுப் பல்லைப் பார்க்காமல் பத்து ரூபாய் கொடுக்காதவர்கள் லட்சக்கணக்கில் கட்டினார்கள். 2012-ல் எல்லாம் சரிந்தது. தீவனமில்லாத பறவைகள் கொட்டகையில் நின்றன.

கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த இறைச்சியை யார் வாங்கித் தின்கிறார்கள்? ஊரில் எந்தக் கறிக்கடையிலும் ஈமு தொங்கவில்லை. அது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த விஷயம். மேடை பெரிதாக இருந்தால் கண்ணுக்குத் தெரிவதும் மறைந்துபோகும். அதனால்தான் நான் இன்னும் மரத்தடியில் பேசவே விரும்புகிறேன், மண்டபத்துக்குக் கூப்பிட்டால் தயங்குகிறேன். என் பிடிவாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்துக்குப் போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும்?

அந்த ஊர்த் தோட்டத்திலிருந்தே பறித்த ஓலை, வேறு ஊரிலிருந்து கொண்டுபோனது வேண்டாம். கேள்வி எழுத ஒரு குறிப்பேடு. போன முறை கேட்டவர்களுக்கான பதில். லென்ஸ் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று எப்படியும் யார் சட்டைப் பையிலாவது தங்கிவிடும்.